நெறிகட்டியும் நிழற்படமும்

(நம் மருத்துவக் கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும். ஆனா எல்லாருக்கும் புரியுற மாதிரி பேசணும்" என்றார். முதல் நிபந்தனை சுலபம். இரண்டாவதுதான் கஷ்டம். என்னைப் போன்ற ஸ்கேன் டாக்டர்கள் முப்பது வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து, இன்னொரு டாக்டருக்கு மட்டும் புரிகிற பாஷையில் ரிப்போர்ட் எழுதிப் பழகியவர்கள். ஆகவே ஏதாவது புரியாவிட்டால் அது என் குற்றம், உங்கள் குற்றம் அல்ல.

நான் எடுத்துக்கொண்ட பொருள் நெறிகட்டி. ஸ்கேன் படத்தில் ஒரு நெறிகட்டியைப் பார்த்து, அது நிணநீர்ப் புற்றாகிய லிம்ஃபோமாவா, வேறோர் உறுப்பின் புற்று அங்கே வந்து குடியேறிய மெட்டாஸ்டாஸிஸா என்று எப்படிப் பிரித்தறிகிறோம், எங்கே ஏமாறுகிறோம் என்பதுதான் விஷயம். பெருமை பேச வரவில்லை. நான் செய்த ஒரு தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2003ஆம் ஆண்டு. ஒரு சிறு நகரத்தின் ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி ஆலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். வயது அறுபத்தொன்று. வாய் நிறைய வெற்றிலை. இடது கழுத்தில் கொத்தாக நெறிகட்டி. கழுத்துக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுத்தோம். கழுத்தில் பெரிது பெரிதாக உருண்டைக் கணுக்கள். அதில் ஒன்றின் நடுப்பகுதி கறுத்திருந்தது. வயிற்றிலும் பெருந்தமனியைச் சுற்றிக் கணுக்கள். வெற்றிலை புகையிலைக்காரர், கழுத்தில் கட்டி, நடுவில் கறுப்பு. அன்றைக்கு நாற்பதாவது கேஸோ என்னவோ. "மெட்டாஸ்டாஸிஸ், மூலப் புற்று எங்கே என்று தேடவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும் இல்லை.

அவருடைய மகன் அந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொண்டுபோகும் முன்பே, தெரிந்த மருந்துக் கடையில் காட்டியிருக்கிறார். "புற்று பரவிடுச்சுன்னு போட்டிருக்குப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். பரவிவிட்டது என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பெரியவரை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்தக் கதையின் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்தப் படத்தில் நான் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

நிணநீர்க் கணு என்பது மொச்சைக் கொட்டை வடிவத்தில் இருக்கும். அனாட்டமி ஹாலில் நாம் தேடித் தேடி வெட்டியெடுத்தோமே, அதேதான். மொச்சைக்கு ஒரு மூக்கு இருப்பது போலக் கணுவுக்கும் ஒரு மூக்கு உண்டு. ஹைலம் என்று படித்தோம். இரத்தக் குழாய்கள் அந்த மூக்கு வழியாக உள்ளே போகும். நிணநீரோ கணுவின் வெளி ஓரத்தில் பல இடங்களில் நுழைந்து, உள்ளே வடிகட்டப்பட்டு, மூக்கு வழியாக வெளியேறும்.

கணுவை ஒரு செக்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு நிற்பவர்கள் வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்ஃபோசைட்டுகள். அந்தக் காவலரே கெட்டுப்போய்க் கட்டுக்கடங்காமல் பெருகுவது லிம்ஃபோமா. தொண்டையிலிருந்தோ மார்பிலிருந்தோ குடலிலிருந்தோ ஒரு திருடன் நிணநீரோடு வந்து, செக்போஸ்டுக்குள் புகுந்து கூடாரம் அடிப்பது மெட்டாஸ்டாஸிஸ். இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் படத்தில் தெரிவதில் பாதி தானாகவே விளங்கும்.

திருடன் நிணநீரோடு வருவதால் கணுவின் ஓரத்தில்தான் முதலில் இறங்குகிறான். அங்கிருந்து மூக்கை அழித்துக்கொண்டே உள்ளே போகிறான். அவனுக்கு இரத்தம் வேண்டுமே! கணுவின் மேல்தோல் வழியாகப் புதுக் குழாய்களை இழுத்துக்கொள்கிறான். ஆகவே டாப்ளரில் பார்த்தால் இரத்த ஓட்டம் ஓரத்தில் தாறுமாறாகத் தெரியும். வளர்ச்சிக்கு ஏற்ற இரத்தம் கிடைக்காதபோது நடுப்பகுதி செத்துப்போகும். படத்தில் தெரியும் கறுப்பு அதுதான். வாய், தொண்டைப் புற்றுகளில் இது அதிகம். தைராய்டின் பாப்பிலரி வகைப் புற்று பரவினால் கணுவுக்குள் பொடிப் பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகளோ நீர்க்கோப்போ தெரியலாம்.

லிம்ஃபோமாவில் உள்ளூர்க்காரர்களே பெருகுவதால் கணு முழுவதும் ஒரே சீராக உப்பும். கேழ்வரகுக் களி உருண்டையை வெட்டின மாதிரி, எங்கே பார்த்தாலும் ஒரே நிறம். மூக்கு வழியாக வரும் குழாய்கள் பல சமயம் அப்படியே இருக்கும். கட்டி மிருது. பெரிதாக வளர்ந்தும் பக்கத்து இரத்தக் குழாயை நெரிக்காமல் சுற்றி அணைத்துக்கொள்ளும். வயிற்றில் குடல்தாங்கியின் இரத்தக் குழாய்களுக்கு மேலும் கீழும் கணுக்கள் அடுக்கினால், இரண்டு ரொட்டிக்கு நடுவே வைத்த காய்கறி போலத் தெரியும். சாண்ட்விச் அடையாளம் என்றே அதற்குப் பெயர். எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு வழி. லிம்ஃபோமாவில் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் நடுவில் உள்ள நீர் மூலக்கூறுகள் நகரவே இடமிருக்காது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன் நிலைதான். நீர் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால், பொதுவாக லிம்ஃபோமாவில் தொண்டைப் புற்றை விடக் குறைவாக வரும்.

இப்போது பெரியவரின் படத்துக்கு வாருங்கள். ஒரு கணுவின் நடுவில்தான் கறுப்பு. மற்றதெல்லாம் ஒரே சீர். பெருந்தமனியைச் சுற்றிய கணுக்கள் அதை நெரிக்கவில்லை. வாய்ப் புற்று கழுத்தில் இறங்கலாம். ஆனால் கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஒரே மாதிரிக் கொத்துக் கொத்தாகப் போவது அதன் வழக்கம் அல்ல. வேகமாக வளரும் லிம்ஃபோமாவிலும் நடுப்பகுதி கருகுவது உண்டு என்று நான் படித்தவன்தான். அந்த ஒரு கறுப்புப் புள்ளியையும் வெற்றிலைக் கறையையும் சேர்த்து நானே ஒரு கதை கட்டிவிட்டேன். கதை பொருந்திய பிறகு மிச்சப் படம் என் கண்ணில் படவில்லை.

"ரெண்டும் புற்றுதானே, எது என்றால் என்ன?" என்று பின்வரிசையில் யாராவது நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. லிம்ஃபோமா பல இடங்களில் இருந்தாலும், மருந்தாலேயே குணமாகும் வாய்ப்புள்ள வகைகள் பல உண்டு. அதற்குப் பரவியது என்ற சொல்லின் பொருளே வேறு. மெட்டாஸ்டாஸிஸ் என்றால் மூலத்தைத் தேட வேண்டும். கத்தியா, கதிரா, மருந்தா என்பதை அந்த மூலம்தான் தீர்மானிக்கும்.

அது மட்டுமல்ல, முதல் அடியே இரண்டிலும் நேர் எதிர். லிம்ஃபோமா என்று சந்தேகப்பட்டால் கூடியவரை ஒரு கணுவை முழுசாக எடுத்துக் கொடுக்க வேண்டும். செல்லை மட்டும் பார்த்தால் போதாது. செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்த்து, நிறமேற்றிச் சோதித்து, எந்த வகை என்று சொன்னால்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிய நாலு சொட்டு அதற்குப் பல சமயம் பற்றாது. ஆனால் தொண்டைப் புற்று கழுத்துக்கு வந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டால், எடுத்த எடுப்பில் கழுத்தைக் கீறக் கூடாது. பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவைக்கு அது இடைஞ்சல். முதலில் ஊசி, பிறகு வாய், மூக்கு, தொண்டை முழுவதும் கருவி விட்டுத் தேடல். ஊசியா கத்தியா என்று வழிகாட்ட வேண்டியவன் படம் பார்ப்பவன். அவன் அவசரப்பட்டால் அடுத்தவர் கையும் வழி தவறும்.

நம் நாட்டில் இந்த இருவரோடு மூன்றாவது ஆளும் உண்டு. காசநோய். உலகில் ஒவ்வோர் ஆண்டும் காசநோய் காணும் நாலு பேரில் ஏறக்குறைய ஒருவர் இந்தியர். காசநோய்க் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் தயிர்க் கட்டி போல அழுகி, ஓரம் மட்டும் பளிச்சென்று தெரியும். பார்வைக்கு மெட்டாஸ்டாஸிஸ் போலவே இருக்கும். ஆரம்பத்தில் அழுகாமல் இருந்தால் லிம்ஃபோமா போல இருக்கும். கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனிலும் மூன்றுமே ஒளிரும். பசியோடு சர்க்கரை தின்கிற செல் எல்லாம் ஒளிரும், அது புற்றானாலும் சரி, காசநோயை எதிர்த்துப் போராடும் செல்லானாலும் சரி.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்தது அல்ல. 1832இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பிரேதப் பரிசோதனையில் வீங்கிய கணுக்களையும் மண்ணீரலையும் வெறுங்கண்ணால் பார்த்து எழுதியது அது. அவர் பெயரே பின்னாளில் நோய்க்குப் பெயராயிற்று. 1926இல் ஃபாக்ஸ் என்பவர், அருங்காட்சியகத்தில் காத்து வைத்திருந்த அந்தத் திசுக்கள் சிலவற்றை நுண்ணோக்கியில் பார்த்தார். எல்லாம் ஹாட்ஜ்கின் நோய் அல்ல என்று தெரிந்தது. 1898இல் இந்த நோயின் பெரிய செல்களை விவரித்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க், இது காசநோயின் ஒரு விசித்திர வகை என்றே கருதினார். அமெரிக்காவில் டோரதி ரீட் என்ற பெண் மருத்துவர் 1902இல் தாமே நுண்ணோக்கியில் பார்த்து, இது காசநோய் அல்ல, தனி நோய் என்று எழுதினார். இன்று ரீட் ஸ்டெர்ன்பெர்க் செல் என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். வெளித்தோற்றத்தை வைத்துப் பெயர் சூட்டப் போனால் ஹாட்ஜ்கினுக்கே சறுக்கும். நான் எம்மாத்திரம்?

ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தீர்ந்த அந்தக் குழப்பத்தை நாம் இன்னும் விடவில்லை. கழுத்தில் நெறிகட்டியோடு சின்ன வயசுப் பெண் ஒன்று வரும். ஊசிச் சோதனையில் தெளிவான பதில் இருக்காது. "எதுக்கும் டி.பி. மாத்திரை ஆரம்பிப்போம்" என்பார்கள். நாலு மாசம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வரும்போது நெஞ்சுக்குள் பெரிய கட்டி. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. இந்தக் கதையை இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதைவிட மோசம் ஸ்டீராய்டு. வீக்கத்துக்கு என்று நாலு நாள் கொடுத்தால் லிம்ஃபோமாக் கட்டி கரைந்தது போலச் சுருங்கும், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு எடுக்கும் திசுவில் நோய்க்குறியியல் நிபுணருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. சுருங்கியது திரும்பி வரும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். "இனி உங்க வேலையெல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சிடுமாமே அங்கிள்" என்று நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். நான் கம்ப்யூட்டரை வெறுக்கும் ஆள் இல்லை. 1971இல் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்த கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டே மருத்துவர் அல்லர், பொறியாளர். 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் சோறு போட்டுத்தான் என் குடும்பம் நடக்கிறது.

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். நம் கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சாம்பல் நிறப் படிகள் அதில் உண்டு. புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து நெசவைச் சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதைக் கணக்காகச் செய்யலாம் என்று 1973இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு குறிப்பிட்ட நிறப் புள்ளிக்கு அடுத்து எந்த நிறப் புள்ளி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து சீரானதா, கரடுமுரடா என்று அளப்பது. எழுதிய மூவரில் முதல்வர் ஹாரலிக். இன்னொருவர் பெயர் சண்முகம். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அவர்கள் சோதித்துப் பார்த்தது மணற்பாறைப் படங்களையும், விமானத்திலிருந்தும் செயற்கைக் கோளிலிருந்தும் எடுத்த நிலப் படங்களையும். பாறைக்கும் நிலத்துக்கும் பார்த்த அதே கணக்கை இன்று கணுவுக்குள் பார்க்கிறார்கள். லிம்ஃபோமாவின் ஒரே சீரும், மெட்டாஸ்டாஸிஸின் கரடுமுரடும் எண்களாக வருகின்றன. இது ரேடியோமிக்ஸ் என்று ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டித் தானே கற்றுக்கொள்ள வைக்கும் முறைகளும் வந்துவிட்டன.

நல்ல கருவிதான். என்னைப் போல நாற்பதாவது கேஸில் களைப்படையாது. வெற்றிலைக் கறையைப் பார்த்துக் கதை கட்டாது. ஆனால் அதற்கும் அதன் கதைகள் உண்டு. 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் கண்டுபிடிக்கப் பழகியிருந்தது. நிமோனியா அதிகம் உள்ள மருத்துவமனை எது என்று தெரிந்துவிட்டால் பாதி விடையைக் காப்பி அடித்துவிடலாமே! வேறு இடத்துப் படங்களைக் கொடுத்தபோது பல தடவை அதன் திறமை இறங்கியது. நாமும் பரீட்சையில் சில சமயம் இப்படித்தான் பாஸ் செய்தோம் என்பதை ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. காசநோய் அபூர்வமான ஊரில், லிம்ஃபோமா, மெட்டாஸ்டாஸிஸ் என்று இரண்டே பெட்டி வைத்துக் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டரிடம் நம் ஊர்க் காசநோய்க் கணுவைக் கொடுத்தால் என்ன செய்யும்? "இது எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லாது. இரண்டில் ஒரு பெட்டியில் போட்டுவிடும், அதுவும் தயக்கமே இல்லாமல். வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், வேகத்தைக் கேட்கிறார்கள். எந்த ஊர்ப் படங்களில் கற்றது, அதில் காசநோய் எத்தனை, ஒவ்வொரு படத்துக்கும் விடையை உறுதி செய்தது நுண்ணோக்கியா, இன்னொரு ஸ்கேன் டாக்டரின் அபிப்பிராயமா என்று கேட்பவர் குறைவு. இங்கே பெரிய பொறுப்புகளில் இருக்கும் அண்ணன்மார்கள் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெரியவரின் கதைக்குத் திரும்புகிறேன். மூன்று மாதம் வீட்டிலேயே இருந்திருக்கிறார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்த்துவிட்டு, "எந்த டாக்டரும் பாக்காமலே எப்படி விட்டீங்க?" என்று சண்டை போட்டு, நம் வகுப்புத் தோழன் ஒருவனிடம் அழைத்துக்கொண்டு போனார். அவன் அறுவை மருத்துவன், விடுதியில் என் அறைத்தோழன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான். அன்று ராத்திரி போன் செய்தான். "டேய், நீ மெட்டாஸ்டாஸிஸ்னு எழுதின அந்த ரைஸ்மில் பெரியவர் ஞாபகம் இருக்கா? ஊசி போட்டுப் பாத்தேன், கார்சினோமா இல்லடா. முழுக் கணுவா எடுத்து அனுப்பியிருக்கேன்" என்றான். கண்ணாடித் தகட்டைப் பார்த்து விடை சொன்னதும் நம் வகுப்புத் தோழிதான். பெரிய பி செல் வகை லிம்ஃபோமா.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆறு தவணை மருந்து ஏற்றினார்கள். நடுவில் மறுபடி ஸ்கேனுக்கு என்னிடமே வந்தார். கட்டிகள் முக்கால்வாசி கரைந்திருந்தன. மேஜையில் படுத்தபடியே, "மொதல்ல ஒருத்தரு தப்பா எழுதிப்புட்டாருங்க டாக்டரய்யா" என்றார். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஏனோ, "அது நான்தாங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, இப்ப நல்லாப் பாத்து எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. வேலைக்காரர் வேலைக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். கடைசியில் இதய நோயால் போனார் என்று மகள் தகவல் அனுப்பினார். பதினோரு வருஷம் என்பது மருந்தின் கணக்கில், என் தோழன் தோழியின் கணக்கில், அந்த மகளின் கணக்கில். வீட்டில் வீணாகக் கிடந்த மூன்று மாதம் என் கணக்கில்.

அன்றிலிருந்து சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். நோயாளியிடம் இரண்டு நிமிஷமாவது பேசாமல் கணுவைப் பற்றி எழுதுவதில்லை. ஒரே பெயரை மட்டும் எழுதுவதில்லை. எதை அதிகம் சந்தேகிக்கிறேன், ஏன், எது அதோடு பொருந்தவில்லை என்றும் எழுதுகிறேன். எந்தக் கணுவிலிருந்து திசு எடுத்தால் விடை கிடைக்கும் என்று இடம் குறித்துக் கொடுக்கிறேன். பெரிய விஷயம் என்றால் அனுப்பிய டாக்டருக்குப் போன் செய்துவிடுகிறேன். அந்தக் காகிதம் மருந்துக் கடைக்குப் போவதற்குள் போன் போய்ச் சேர வேண்டும்.

குடும்பத்தினருக்கு நாலு வார்த்தை. எல்லா நெறிகட்டியும் புற்று அல்ல. பல்லில் சொத்தை, தொண்டையில் சளி, காலில் புண் என்றாலும் நெறி கட்டும், வடியும். மூன்று நாலு வாரத்துக்கு மேல் நின்றாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, காரை எலும்புக்கு மேல் குழியில் வந்தாலோ, காய்ச்சல், ராத்திரியில் துணி நனையும் வியர்வை, எடைக் குறைவு இருந்தாலோ உடனே காட்டுங்கள். "திசு எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். அது நிழற்படத்தைப் பார்த்து ஒரு மனிதன் எழுதிய கருத்து. அவனுக்கும் அது நாற்பதாவது கேஸாக இருக்கலாம்.

நம் கல்லூரியில் அறை எண் வரிசையில் ஒருவனை அறுவைக்கும், ஒருத்தியை நுண்ணோக்கிக்கும், ஒருவனை இருட்டறைக்கும் அனுப்பியது எந்த விதியோ தெரியாது. ஆனால் ஒருவன் தவறை இன்னொருவர் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நாம் இருந்தோம். அதற்கு ஒரு போன் போதும். இன்று சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் அவரவர் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.